பாதரஸம் போன பின்

சொத்தைப் பல்லைப் பாதரஸக் கலவையினால் அடைக்கும் வழக்கத்தை 2034-ம் வருஷத்திற்குள் உலகெங்கும் நிறுத்திவிடுவதென்று, 2025-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் ஜினீவா நகரில் கூடிய மினமாட்டா உடன்படிக்கை நாடுகளின் மகாநாடு முடிவு செய்திருக்கிறது. இவ்வுடன்படிக்கையில் நமது தேசம் 2014-ல் கையெழுத்திட்டது. 2018-ல் அதை உறுதி செய்தது. ஆகவே இது அன்னிய நாட்டு விவகாரமன்று. நம்மையும் சேர்ந்த முடிவு. பால் பற்களிலும், பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார் ஆகியோரின் பற்களிலும், வைத்தியர் அவசியமென்று கருதினாலன்றி இக்கலவையை வைக்கலாகாதென்று 2022-லேயே ஒரு திருத்தம் செய்யப்பட்டது. ஸ்வீடனும் நார்வேயும் இதை முன்னமே விலக்கிவிட்டன. ஐரோப்பியக் கூட்டு நாடுகள் 2025-ம் வருஷம் ஜனவரி முதல் தேதியிலிருந்து விலக்கியிருக்கின்றன. நாம் இம்முடிவை மனப்பூர்வமாக வரவேற்கிறோம்.

காரைக்கால்வாசிகளுக்கு இதில் ஒரு சிறு விசேஷமும் உண்டு. பிரெஞ்சு ஆதிக்கத்திலிருந்து நமது ஊர் சட்டப்படி இந்தியாவுடன் சேர்ந்தது 1962-ம் வருஷம் ஆகஸ்டு 16-ந் தேதி. மினமாட்டா உடன்படிக்கை அமுலுக்கு வந்ததும் அதே ஆகஸ்டு 16-ந் தேதிதான், வருஷம் 2017. தற்செயலே, ஆனாலும் மறவாமலிருக்க உதவும்.

இது பல் வைத்தியர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயமாயிற்றே, தினசரிப் பத்திரிகையின் தலையங்கத்தில் இதற்கு என்ன இடம் என்று நமது நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும். 2002, 2003-ம் வருஷங்களில் இந்தியப் பல் வைத்தியக் கவுன்சில் நடத்திய பரிசோதனையில், பன்னிரண்டு வயதுச் சிறுவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சொத்தைப் பல் இருக்கக் கண்டார்கள். உலக முழுவதிலும் வைத்தியம் செய்யப்படாத சொத்தைப் பல்லுடன் இருப்போர் சுமார் 200 கோடிப் பேர் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2022-ல் கணக்கிட்டது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் ஏழைகள். ஏழையின் பல்லுக்கு இதுவரை கிடைத்துவந்த மலிவான வைத்தியம் இரண்டே. ஒன்று பாதரஸக் கலவை, மற்றொன்று குறடு. முதலாவதை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக ஒன்றையும் வைக்காவிட்டால் மிஞ்சுவது குறடுதான். பணமுள்ளவர் பல்லின் நிறத்திலேயே கிடைக்கும் சீமைப் பிசினை வைத்து அடைத்துக்கொள்வார். படகோட்டியின் மகனுக்கும் நடவு நடுபவளின் மகளுக்கும் பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுத்து அனுப்புவார்கள். பிரஜைகளின் உடம்பைப் பற்றிய இவ்விஷயத்தில் பத்திரிகைக்கு இடமில்லையென்றால் வேறெதில் உண்டு?

பாதரஸக் கலவை பிறந்த கதையைச் சற்றுச் சொல்ல வேண்டும். 1826-ல் பாரிஸ் நகரில் தாவோ என்ற பல் வைத்தியர், வெள்ளி நாணயங்களை அரத்தால் ராவி, அந்தப் பொடியைப் பாதரஸத்தில் குழைத்துச் சொத்தைக் குழியில் அடைத்தார். குழைத்தபோது வெண்ணெய் போலிருந்த கலவை, சிறிது நேரத்தில் உலோகமாகவே இறுகிற்று. க்ராக்கூர் சகோதரர்கள் என்ற இருவர் 1833-ல் அதை நியூயார்க்குக்குக் கொண்டுபோய், ராஜ விருது போன்ற ஒரு படாடோபப் பெயரைச் சூட்டி விற்றனர். அமெரிக்க வைத்தியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். இக்கலவையைத் தொடுவதில்லை என்று அங்கத்தினர்கள் பிரமாணம் எழுதித் தரவேண்டுமென்று அவர்களுடைய சங்கம் 1845-ல் கட்டாயப்படுத்தியது. அந்தச் சண்டையிலேயே சங்கம் 1856-ல் கலைந்துபோயிற்று, கலவை கலையவில்லை. 1895-ல் டாக்டர் பிளாக் என்பவர் அதன் சேர்மானத்தைச் செப்பனிட்ட பிறகு, உலகமெங்கும் அதுவே பல் அடைப்பு என்றாகிவிட்டது. அதில் சுமார் பாதி எடை பாதரஸம். மற்றப் பாதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு.

எதிர்க் கட்சிக்கும் நியாயம் செய்ய வேண்டும். பாதரஸ அடைப்பு வாயிலுள்ளவர்களெல்லாம் பயந்துபோய் நாளைக் காலையில் அதைத் தோண்டி எடுத்துக்கொள்ள ஓட வேண்டியதில்லை. இறுகிய கலவையிலிருந்து வெளிவரும் ஆவி மிகச் சொற்பம். தோண்டும்போதுதான் அதிகமாக வெளிவரும். நூறு வருஷங்களுக்கு மேல் கோடிக்கணக்கான பற்களை அது காப்பாற்றியது உண்மை. எச்சிலில் நனைந்த வாயிலும் அது இறுகும், பளுவைத் தாங்கும், கைதேர்ந்தவர் வைத்தால் இருபது வருஷமும் இருக்கும். அதன்மேல் உள்ள முக்கியமான குற்றச்சாட்டு வேறு. வைத்தியசாலையின் கழிவு நீரிலும், சுடுகாட்டுப் புகையிலும் அந்தப் பாதரஸம் வெளியேறுகிறது. வெளியேறியது அழிவதில்லை. ஆற்று முகத்துவாரத்துச் சேற்றிலுள்ள கிருமிகள் அதை வேறொரு கொடிய ரூபமாக மாற்றுகின்றன. சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும், மீனிலிருந்து மனிதனுக்கும் அது ஏறுகிறது. ஜப்பானில் மினமாட்டா என்ற மீன்பிடி ஊரில் 1956-ல் கண்டறியப்பட்ட வியாதி அவ்வாறு வந்ததே. அங்கே குற்றவாளி ஒரு ரஸாயனத் தொழிற்சாலை, பல் வைத்தியரல்ல. நமது பக்கத்திலும் கொடைக்கானலில் ஓர் உஷ்ணமானித் தொழிற்சாலை பாதரஸக் கழிவினால் 2001-ல் மூடப்பட்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அரசலாற்று முகத்துவாரத்தில் வலை வீசிப் பிழைக்கும் ஊர், கடலில் கலக்கும் பாதரஸத்தைப் பற்றி அலட்சியமாக இருக்க முடியாது.

ஆகவே பாதரஸம் போகட்டும். அதன் இடத்தில் எதை வைப்பது என்பதே கேள்வி.

இன்று பட்டணங்களில் வைக்கப்படும் வெள்ளை அடைப்பு, 1962-ம் வருஷம் அமெரிக்காவில் போவன் என்பவர் உரிமைப் பத்திரம் பெற்ற ஒரு பிசினிலிருந்து கிளைத்தது. கண்ணாடித் தூளை அப்பிசினில் குழைத்துக் குழியில் வைத்து, நீல ஒளியைக் காட்டினால் இறுகிவிடும். பார்வைக்குப் பல்லைப் போலவே இருக்கும். ஆனால் இதற்கு மூன்று குறைகள் உண்டு. குழி சிறிதும் ஈரமில்லாமல் இருக்கவேண்டும். விளக்கும், மின்சாரமும், பொறுமையும் வேண்டும். இரண்டாவது, அப்பிசின் பிஸ்பினால் என்ற பொருளை மூலமாகக் கொண்டது. சரீரத்தின் சுரப்பிகளைக் குழப்பக்கூடியதென்று அப்பொருளின்மேல் சந்தேகம் வலுத்திருக்கிறது. மூன்றாவதே பிரதானம். பிசின் இறுகும்போது நூற்றில் இரண்டு மூன்று பங்கு சுருங்குகிறது. சுருங்கினால் பல்லுக்கும் அடைப்புக்கும் நடுவே மயிரிழைச் சந்து விழும். அந்தச் சந்திலே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் ம்யூட்டன்ஸ் என்ற கிருமி குடியேறும். 1924-ல் இங்கிலாந்தில் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து பிரித்தெடுத்து அடையாளம் கண்ட கிருமி இதுவே. சர்க்கரையைத் தின்று புளிப்பைக் கக்கிப் பல்லைக் கரைப்பது இதன் தொழில். பாதரஸக் கலவையிலாவது வெள்ளியும் செம்பும் கிருமிக்குச் சற்று விரோதமாயிருந்தன. வெள்ளைப் பிசினோ அதற்கு மெத்தை விரிக்கிறது. அடைத்த பல் அடைப்பின் அடியிலேயே மறுபடியும் சொத்தையாகிறது.

பல்லில் புழு இருக்கிறதென்று எண்ணி, கண்டங்கத்தரி விதையைச் சுட்டு அதன் புகையை வாயில் பிடித்தார்கள் நமது பாட்டிமார். 'பூச்சிப் பல்' என்ற பேச்சு இன்னும் போகவில்லை. பிரான்சில் பௌஷார் என்ற பல் வைத்தியப் பிதாமகர் 1728-ல் எழுதிய தமது நூலில், அப்படிப் புழு ஒன்றும் இல்லையென்று மறுத்தார். அவர் மறுத்த புழு இல்லைதான். ஆனால் கண்ணுக்குப் புலப்படாத பூச்சி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அடைப்பே அதைக் கொல்லவோ, அண்டவிடாமல் தடுக்கவோ வேண்டுமென்று விஞ்ஞானிகள் முப்பது வருஷங்களுக்கு மேலாக முயன்று வருகிறார்கள். ஜப்பானில் ஒஸாகா நகரத்தார் கிருமிநாசினியைப் பிசினோடேயே பிணைத்து 1994-ல் வெளியிட்டார்கள். வெள்ளித் துகளைச் சேர்ப்பவர்களும் உண்டு. இவை ரஸாயன சாலையில் பிறந்தவை. தாவரங்களிலிருந்து இதைச் செய்ய முடியுமா என்ற ஆராய்ச்சியும் இப்பொழுது பல நாடுகளில் நடைபெறுகிறது. நாம் இன்று முக்கியமாகச் சொல்ல வந்தது இதைத்தான்.

தாவரப் பொருளால் பல்லை அடைப்பது புதிதன்று. கிராம்புத் தைலத்தில் நனைத்த பஞ்சைச் சொத்தைக் குழியில் வைப்பது நமது வீடுகளில் தெரிந்த வைத்தியம். மேற்சொன்ன பௌஷாரும் அதைச் செய்தார். அந்தத் தைலத்தின் சாரம் யூஜினால் என்பது. அதைத் துத்தநாகச் சுண்ணத்துடன் குழைத்த சாந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு பல் வைத்தியசாலையிலும் இருக்கிறது. வலி தணிக்கும், கிருமியைக் கொல்லும். ஆனால் பலமில்லை, ஆகவே தற்காலிக அடைப்பாக மாத்திரமே உதவுகிறது. கிராம்பு முன்னாளில் டச்சுக்காரர்களின் ஏகபோகம். ப்வாவர் என்ற பிரெஞ்சு அதிகாரி (அவருடைய பெயருக்கே மிளகு என்று பொருள்) மொலுக்கத் தீவுகளுக்குக் கப்பலனுப்பி, 1770-ல் கிராம்புக் கன்றுகளை மொரீஷியஸ் தீவுக்குக் கடத்தி வரச் செய்தார். அப்பொழுது காரைக்காலிலும் பிரெஞ்சுக் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. ஆங்கிலக் கம்பெனியார் 1800-ம் வருஷத்தையொட்டிக் குற்றாலத்தில் தோட்டம் போட்டுக் கிராம்பை நட்டார்கள். இன்று கன்னியாகுமரி ஜில்லாவின் மலைத் தோட்டங்களில் விளையும் கிராம்பு புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. ஆக, சரக்கு நமது வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பச்சிலை மகிமை பாடுவது நமக்குச் சம்மதமில்லை. யூஜினால் வெள்ளைப் பிசினுக்கு ஜன்மப் பகை. பிசின் இறுகுவதற்குக் காரணமான சங்கிலிக் கிரியையை அது நடுவிலே அறுத்துவிடும். கிராம்புச் சாந்து வைத்திருந்த குழியில், அதைச் சுத்தமாக நீக்காமல் பிசினை வைத்தால் அது சரியாக இறுகாது என்பது பல் வைத்தியர்கள் அனைவருக்கும் தெரியும். அன்றியும், தைலத்தைச் சும்மா கலந்துவைத்தால் முதற் சில நாட்களில் கசிந்து போய்விடும். பிறகு கிருமிக்குத் தடையுமில்லை, அடைப்புக்குப் பலமுமில்லை. இதற்கு ஸ்பெயின், இங்கிலாந்து விஞ்ஞானிகள் 2006-ல் ஒரு வழி காட்டினார்கள். யூஜினாலின் மூலக்கூற்றிலேயே மெதாக்ரிலேட் என்ற கொக்கியை மாட்டி, அதைப் பிசினின் சங்கிலியில் ஒரு கண்ணியாகவே கோத்துவிட்டார்கள். கோத்த பின் அது கசிவதில்லை. இருந்த இடத்திலிருந்தே தன்னைத் தொடும் கிருமியைத் தாக்குகிறது. பகைவனைச் சம்பந்தியாக்கிக்கொள்ளும் தந்திரம் இது.

கிராம்பைவிட நமக்குச் சமீபமானது முந்திரி. அதன் பிறந்த வீடு பிரேஜில். போர்த்துகீசியர் இங்கே கொண்டுவந்தனர். இன்று கடலூர் ஜில்லாவில் பண்ருட்டிச் சுற்றுப்புறமெல்லாம் முந்திரிக்காடு. பருப்பு விலைபோகிறது. கொட்டையின் ஓட்டிலிருந்து வடியும் கறுத்த எண்ணெய் தொழிலாளப் பெண்களின் கையைப் பொத்துவிக்கிறது. பிறகு வர்ணத்திற்கும் மோட்டார் வண்டிகளின் தடைக்கட்டைக்கும் போகிறது. இவ்வெண்ணெயிலுள்ள அனகார்டிக் அமிலங்கள் பல்லைத் தின்னும் அதே ம்யூட்டன்ஸ் கிருமியைக் கொல்கின்றன என்று கலிபோர்னியாவிலிருந்த ஜப்பானிய விஞ்ஞானிகள் 1993-ல் எழுதினார்கள். எண்ணெயைச் சுடவைத்தால் அவ்வமிலம் கார்டனால் என்ற பொருளாக மாறும். பிரேஜில் தேசத்தார் அதிலிருந்து பிசினோடு சேரக்கூடிய பொருளைச் செய்து, அது பல்லின் உட்படையிலுள்ள நுண்குழாய்களை அடைப்பதைப் பரிசோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். கவனிக்க வேண்டும்: பிரேஜில், தன் காட்டில் விளைந்த சரக்கைத் தன் கலாசாலையிலேயே பரிசோதித்தது. பண்ருட்டியிலும் முந்திரிக்குக் குறைவில்லை. பல் வைத்தியக் கலாசாலைகளோ தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் எத்தனையோ இருக்கின்றன.

நமது ஊரின் சொந்தச் சரக்குக்கு வருகிறோம். அது உமி.

வெள்ளைப் பிசினில் பிசின் சிறுபங்கே. எடையில் பெரும்பங்கு அதில் குழைக்கும் தூள்தான். அத்தூள் பெரும்பாலும் மணற்சத்தாகிய சிலிகா. நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி. உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். அச்சாம்பலில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்குக் குறையாமல் சிலிகா. நூறு கிலோ நெல் அரைத்தால் மூன்றரைக் கிலோ சிலிகா கிடைக்கும் என்பது இதன் கணக்கு. உமியை முதலில் அமிலத்தில் அலசி, சூட்டை அடக்கி எரித்து, ரஸாயன முறையில் சுத்தி செய்தால் கண்ணுக்குத் தெரியாத உருண்டைத் துகள்களாக அது பிரியும். சூடு மீறினால் சிலிகா ஸ்படிகமாகி, மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல் செய்யும். ஆகவே வேலை நுட்பமானது. இதைச் செய்து காட்டியவர்கள் மலேயாவில் கிளந்தான் ராஜ்யத்திலுள்ள மலேசிய விஞ்ஞான சர்வகலாசாலையின் பல் வைத்தியப் பகுதியார். உமியிலிருந்து எடுத்த சிலிகாவைக் கொண்டு பல் அடைக்கும் கலவை செய்து, 2014-ம் வருஷம் முதல் அதைப் பற்றி எழுதி வருகிறார்கள். கிளந்தானும் நம்மைப்போல் நெல் விளையும் கடற்கரை நாடு. காரைக்காலிலிருந்தும் நாகப்பட்டணத்திலிருந்தும் கப்பலேறி மலேயாவுக்குச் சென்றவர்களின் சந்ததியார் இன்றும் அங்கே இருக்கிறார்கள். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

உமிக்கரியும் உப்பும் சேர்த்துப் பல் துலக்கியவர்கள் நமது பெரியோர். அது பல்லை வெளுக்கச் செய்ததோடு சற்றுத் தேய்க்கவும் செய்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பிறகு சீமைப் பற்பசை வந்தது, உமிக்கரி நாகரிகமற்றதாயிற்று. இப்பொழுது அதே உமி பல்லுக்குள் போகத் தகுதியுடையதென்று அன்னிய சஞ்சிகைகளில் படிக்கிறோம். காவேரிப் பாசனத்து அரிசி ஆலைகளின் வாசலில் அது குப்பையாகக் குவிந்து, காற்றில் பறந்து வழிப்போக்கன் கண்ணில் விழுகிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. 'மூலிகை' என்ற ஒரு சொல்லைப் போட்டால் எதையும் விற்கலாம் என்று நினைப்பவர்கள் நம்மில் பெருகிவிட்டார்கள். வேப்பிலை, மஞ்சள், கற்றாழை, துளசி என்று ஏதேனும் ஒன்றைக் கஷாயமிட்டுக் கண்ணாடித் தட்டிலுள்ள கிருமியின்மேல் ஊற்றி, கிருமி செத்தது, ஆகவே பல் வைத்தியத்தில் புரட்சி என்று எழுதும் கட்டுரைகள் நமது தேசத்திலிருந்து மூட்டை மூட்டையாகப் புறப்படுகின்றன. கண்ணாடித் தட்டில் கிருமியைக் கொல்வது சுலபம், வினிகரும் கொல்லும். வாயிலோ கிருமி தனியாக நீந்திக்கொண்டிருப்பதில்லை. பாசிபோல் ஏடு கட்டிக்கொண்டு அதற்குள் ஒளிந்திருக்கிறது. அதைக் கொல்ல வேண்டும். வருஷக்கணக்கில் கொல்ல வேண்டும். பல்லின் உயிர்நாடியைக் கொல்லக் கூடாது. தினமும் ஆயிரம் தடவை மெல்லும் பளுவையும், சூடான காப்பியையும், ஐஸையும் அடைப்பு தாங்க வேண்டும். மஞ்சளின் சாரத்தைச் சேர்த்தால் பல் மஞ்சளாகும். அதை யார் வைத்துக்கொள்வார்? ஒரே செடியின் சாரம் மண்ணுக்கும் பருவத்திற்கும் தக்கபடி மாறும். இன்று வைத்த அடைப்பும் நாளை வைப்பதும் ஒரே தரமென்று எவ்வாறு சொல்வது? யூஜினாலே அளவு மிஞ்சினால் சதையைப் புண்ணாக்கும்; சிலருக்கு ஒவ்வாமை தரும். தாவரத்தில் பிறந்தது என்பதனாலேயே ஒன்று சாதுவாகிவிடாது. எட்டிக்கொட்டையும் தாவரமே. இரசத்தைக் கட்டி மருந்தாக்கும் வித்தையை நமது சித்தர் மரபு பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது என்பதையும் நினைவிற்கொண்டால், 'சுதேசி' என்ற முத்திரைக்கும் 'அபாயமற்றது' என்ற முத்திரைக்கும் உள்ள தூரம் விளங்கும்.

கோர்ட்டில் ஒரு சங்கதியை நிரூபிக்கும் பாரம் அதைச் சொல்பவன் தலையிலேதான். இங்கேயும் அப்படியே. கிராம்புக்கும் முந்திரிக்கும் உமிக்கும் வக்காலத்து வாங்குகிற நாமே, சாட்சியத்தையும் கொண்டுவர வேண்டியவர்கள். கண்ணாடித் தட்டில் ஒரு சாட்சி, எடுத்துவைத்த பல்லில் ஒரு சாட்சி, பிராணியில் ஒரு சாட்சி, கடைசியில் சம்மதித்த மனிதர்களின் வாயில், பழைய அடைப்பையும் புதிய அடைப்பையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து மூன்று நான்கு வருஷம் பார்த்த சாட்சி. கடைசிச் சாட்சி வரும்வரை தீர்ப்பில்லை. இதுவரை நாம் சொன்ன தாவரப் பொருள்களில், கிராம்புச் சாந்து ஒன்று தவிர, மற்றவை அந்தக் கடைசிக் கூண்டில் ஏறி நிலைத்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. அந்த வேலை பாக்கியிருக்கிறது. ஆகவேதான் நாம் அதில் பங்குபெற இன்னும் இடமிருக்கிறது.

தாமதித்தால் என்னவாகும் என்பதற்கு முன்மாதிரி உண்டு. காயத்திற்கு மஞ்சள் பூசுவதற்கு 1995-ல் அமெரிக்காவில் உரிமைப் பத்திரம் கொடுத்துவிட்டார்கள். நமது விஞ்ஞான கைத்தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் ஆட்சேபித்து, பழைய நூல்களைச் சாட்சியாகக் காட்டி, 1997-ல் அதை ரத்து செய்வித்தது. வேம்பைப் பற்றிய ஐரோப்பிய உரிமை 1994-ல் வழங்கப்பட்டு, 2000-ல் ரத்தாகி, அப்பீலிலும் 2005-ல்தான் முடிவுக்கு வந்தது. இவ்விரண்டிலும் வென்றோம். ஆனால் வென்றது எதனால் என்பதை யோசிக்க வேண்டும். பாட்டிக்குத் தெரிந்த பழைய உபயோகத்திற்கு உரிமை கேட்டதால் வென்றோம். முந்திரி எண்ணெயில் மெதாக்ரிலேட்டைக் கோத்த பொருள் பாட்டிக்குத் தெரியாது. அதைப் பற்றி எந்த ஓலைச் சுவடியும் சாட்சி சொல்லாது. அதைச் செய்தவனுக்கே அதன் உரிமை; சட்டமும் அதுதான், நியாயமும் அதுதான். நாமும் செய்தாலன்றி வேறு வழியில்லை. செய்யாவிட்டால், ஓட்டையும் உமியையும் கப்பலேற்றி அனுப்பிவிட்டு, அவை சிறு குப்பிகளில் அடைபட்டுத் திரும்பி வரும்போது விலை கொடுத்து வாங்குவோம். பஞ்சை அனுப்பித் துணியை வாங்கிய கதைதான்.

நம்மால் முடியாத காரியம் என்று சொல்பவர்களுக்கு ஒரே ஓர் உதாரணம். திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் வைத்திய ஸ்தாபனம் இருதய வால்வு ஒன்றைத் தயாரித்து, 1990-ம் வருஷம் டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தியது. சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. கம்பெனியார் அதைத் தொழிலாக எடுத்து நடத்தினார்கள். சீமை வால்வைவிட மலிவு. அதே ஸ்தாபனத்தில் பல் அடைக்கும் பிசின்களைப் பற்றிய ஆராய்ச்சியும் நெடுங்காலமாக நடந்து வருகிறது. இருதயத்திற்குச் செய்யத் தெரிந்தவர்களுக்குப் பல்லுக்குச் செய்யத் தெரியாதா?

காரைக்கால் சிறிய ஊர்தான். ஆனால் இக்காரியத்திற்கு வேண்டிய அங்கங்கள் அநேகமாக இங்கேயே இருக்கின்றன. சேருமாவிலங்கையில் விவசாயக் கலாசாலை இருக்கிறது. உமியைப் பற்றி அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. திருவேட்டக்குடியில் 2010-ல் ஏற்பட்ட தேசியத் தொழில்நுட்பக் கழகம் இருக்கிறது. எரிப்பதும், சுத்தி செய்வதும், பலத்தை அளப்பதும் அவர்கள் வேலை. ஜிப்மரின் காரைக்கால் கிளை 2016 முதல் வைத்திய மாணவர்களைச் சேர்த்து வருகிறது. புதுச்சேரியில் சர்க்காரைச் சேர்ந்த மகாத்மா காந்தி பல் வைத்தியக் கலாசாலை இருக்கிறது. இந்த நான்கும் ஒரே யூனியன் பிரதேசத்தில் இருக்கின்றன. இவற்றை ஒரே மேஜையில் உட்காரவைக்க ஒரு கட்டளை போதும். புதுச்சேரி சர்க்கார் அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் இதற்கென்று ஒரு தொகையை ஒதுக்கட்டும். கடலூர் முந்திரி ஆலைக்காரர்களையும் கன்னியாகுமரித் தோட்டக்காரர்களையும் அழைத்து யோசனை கேட்கட்டும். கிளந்தான் பண்டிதர்களை விருந்தாளியாக அழைத்தால் வரமாட்டோமென்று சொல்லமாட்டார்கள்.

ஆராய்ச்சிக்குப் பத்து வருஷம் பிடிக்கலாம். அதுவரை பல்வலியும் பிள்ளைகளும் காத்திருக்க முடியாது. இதற்கு இப்போதே கையிலிருக்கும் ஒரு பொருள் கண்ணாடிச் சாந்து. லண்டன் நகரில் வில்ஸன், கெண்ட் என்ற இருவர் கண்டுபிடித்து 1972-ல் வெளியிட்டது, பாதரஸமுமில்லை, பிஸ்பினாலுமில்லை. பல்லோடு தானே ஒட்டும். பல்லை உறுதிப்படுத்தும் புளோரைடைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். மின்சாரத் துளைகருவி வேண்டாம். கைக்கரண்டியால் சொத்தையைச் சுரண்டிவிட்டு விரலால் அழுத்தினாலே போதும். ஆப்பிரிக்காவில் தான்ஸானியா கிராமங்களில் 1980-களில் அப்படிச் செய்து பார்த்து, 1994-ல் உலக சுகாதார ஸ்தாபனமே அம்முறையை ஆதரித்தது. 2021-ல் அச்சாந்தை அத்தியாவசிய மருந்துகளின் ஜாபிதாவிலும் சேர்த்துவிட்டது. கடைவாய்ப் பல்லில் பெரிய குழியானால் அது நெடுநாள் தாங்காது என்பது வாஸ்தவம். ஆனால் பள்ளிக்கூடப் பிள்ளையின் சிறு குழிக்கு அது தாராளமாகப் போதும்.

ஆகவே காரைக்கால் ஜில்லா நிர்வாகத்தையும் சுகாதார இலாகாவையும் நாம் கேட்பது இது. வருகிற பள்ளி வருஷத் தொடக்கத்தில் காரைக்கால், திருநள்ளாறு, திருமலைராயன்பட்டினம், நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி ஆகிய இடங்களிலுள்ள சர்க்கார் பள்ளிகளுக்கு, கண்ணாடிச் சாந்தும் கைக்கருவிகளுமாகப் பல் வைத்தியர்களை அனுப்ப வேண்டும். எத்தனை பிள்ளைகளுக்குச் சொத்தை, எத்தனை அடைக்கப்பட்டன, எத்தனை பிடுங்கப்பட்டன என்ற கணக்கைப் பள்ளிவாரியாகப் பிரசுரிக்க வேண்டும். சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும் தனியார் வைத்தியசாலைகளிலும் இருப்பிலுள்ள பாதரஸத்தைக் கணக்கெடுத்து, சாக்கடையில் போகாமல் மூடிய பாத்திரங்களில் திரும்பப் பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்ய வேண்டும். 2034-க்கு இன்னும் அநேக வருஷங்கள் இருப்பதாக இலாகாக்கள் எண்ணிக்கொண்டிருக்கலாம். நாம் கேட்கும் இம்மூன்று காரியங்களில் ஒன்றுக்கேனும் அத்தனை வருஷம் தேவையில்லை. இந்த வருஷத்திலேயே ஆரம்பிக்கக்கூடியவை. அப்பள்ளிக் கணக்கு பிரசுரமானதும் அதை அப்படியே இப்பத்திரிகையில் வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.